அதிகபட்சத்தை விடுங்கள், சராசரியைச் சொல்லுங்கள்: ஐடி ஷேர் ஏறும்போது நாலு பேர் உட்கார்ந்து பேசுவது எப்படி

ஐடி ஷேர் ஏறுகிற காலத்தில் கம்பம், கூடலூர், குமுளி பக்கம் டீக்கடைப் பேச்சே மாறிவிடும். மழை, உரம், கூலி, ஏலக்காய் விலை எல்லாம் ஓரமாகப் போய், யாரிடம் இருக்கிற எந்தக் கம்பெனி எத்தனை மடங்கு ஆனது என்பதுதான் பேச்சு. பேசுவதில் தப்பே இல்லை. தனியாக உட்கார்ந்து செல்போனைப் பார்த்து வாங்குவதைவிட நாலு பேரிடம் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல். ஆனால் நடக்கிற பேச்சில் பாதிக்கு மேல் எதற்கும் உதவாத பேச்சு. அதை உதவுகிற மாதிரி எப்படிப் பேசுவது என்பதற்குத்தான் இது. எந்த ஷேர் வாங்கலாம் என்பது இதில் இருக்காது, அதைத் தேடி வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

ஏலக்காய்க்காரர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலக்காயை ஏலம் விடுகிற புத்தடியிலோ போடியிலோ ஏலம் முடிந்தால் இரண்டு விலை வரும், அதிகபட்சம் ஒன்று, சராசரி ஒன்று. 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7000 ரூபாய்க்குப் போனது என்று பேப்பரில் எல்லாம் வந்தது. அன்றைக்கும் சராசரி அதைவிட ரொம்பக் கீழேதான். கணக்குத் தெரிந்த தோட்டக்காரர் அந்த 7000-ஐ வைத்துத் தன் வருமானத்தைப் போட்டுப் பார்க்கவில்லை, சராசரியைத்தான் பார்த்தார். இரண்டு வருடத்தில் அதே காய் ஆயிரம் ரூபாயைச் சுற்றி வந்து நின்றது. இவ்வளவு தெரிந்த ஆட்கள்தான், ஷேர் என்று வந்தால் மட்டும், தேதி இல்லாமல், அளவு இல்லாமல், அதிகபட்ச விலையை மட்டும் பேசுகிறார்கள். நான் சொல்ல வருவது இதைத்தான். ஏலத்தில் என்னென்ன கேட்பீர்களோ அதையெல்லாம் ஷேரிலும் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது

ஒருவர் ஒரு ஷேரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார் என்றால் கம்பெனியைப் பற்றிக் கேட்காதீர்கள், அவரைப் பற்றிக் கேளுங்கள். என்ன விலைக்கு வாங்கினார், எப்போது வாங்கினார், எத்தனை வாங்கினார், அவர் கையில் இருக்கிற மொத்தப் பணத்தில் இது எத்தனை பங்கு, இன்னும் வைத்திருக்கிறாரா, விற்றுவிட்டாரா. இதைக் கேட்டால் பேச்சு எப்படித் திரும்பும் என்று பாருங்கள்.

"அண்ணே, மூணு மடங்கு ஆயிருச்சுன்னீங்களே, எத்தனை வாங்கிப் போட்டீங்க?"

"பத்து ஷேர்தான் மாப்ள. சும்மா பார்ப்போமேன்னு."

200 ரூபாய் ஷேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஷேருக்கு 2000 ரூபாய், அது 6000 ஆகியிருக்கிறது. அண்ணனுக்கு லாபம் 4000. இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மறுநாள் காலையில் 600 ரூபாய் விலையில் இரண்டு லட்சத்துக்கு வாங்குவார். அண்ணன் பொய் சொல்லவில்லை, மூன்று மடங்கு ஆனது உண்மைதான். அளவைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்டவரும் கேட்கவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு, ஆனால் அதை மெதுவாகக் கேட்க வேண்டும், எல்லார் முன்னாலும் கேட்டால் முகம் சுருங்கிவிடும்: அதே சமயத்தில் வேறு என்னென்ன வாங்கினீர்கள், அதெல்லாம் எப்படி இருக்கிறது? ஏறியது மட்டும்தான் டீக்கடைக்கு வரும், இறங்கியது வீட்டில் படுத்திருக்கும். ஐந்து ஷேர் வாங்கி ஒன்று மூன்று மடங்காகி, நான்கு பாதியாகிப் போனால், ஒரே அளவு போட்டிருந்தார் என்றால், மொத்தத்தில் அவருக்கு 100 ரூபாய் 100 ரூபாயாகவே நிற்கிறது. இதுதான் சராசரி விலை. அதைச் சொல்ல வைப்பதுதான் வேலை.

கூட்டத்தில் ஒருவர் கையில் ஒரு நோட்டு இருந்தால் நல்லது. இன்ன தேதி, இன்ன விலை, இன்னார் வாங்கச் சொன்னார், காரணம் ஒரு வரி. இவ்வளவு போதும். எழுதப்போகிறார்கள் என்று தெரிந்தாலே வாய்க்கு வந்ததைச் சொல்வது பாதியாகக் குறைந்துவிடும். சிலர் அந்தப் பக்கமே வரமாட்டார்கள், அதுவும் லாபம்தான்.

கம்பெனி நல்லது, சரி, விலை?

ஏறுகிற மார்க்கெட்டில் எல்லாரும் கம்பெனியைப் பற்றியே பேசுவார்கள். ஏஐ உலகத்தையே மாற்றப்போகிறது என்பார்கள். மாற்றட்டும். 2000-ல் இன்டர்நெட் உலகத்தை மாற்றப்போகிறது என்றார்கள், அது நூற்றுக்கு நூறு நடந்தது. ஆனால் டெக் கம்பெனிகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10-ல் 5048-ல் முடிந்து, 2002 அக்டோபரில் 1114-க்கு வந்தது. பழைய உயரத்தைத் தாண்ட 2015 ஆகிவிட்டது. சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டுக்கு வேண்டிய கருவிகள் செய்கிற கம்பெனி, 2000 மார்ச்சில் கொஞ்ச நாள் உலகத்திலேயே அதிக மதிப்புள்ள கம்பெனியாக இருந்தது, ஷேர் 80 டாலர் பக்கம். ஏமாற்றுக் கம்பெனி இல்லை, திவாலாகவும் இல்லை, விற்பனை அன்றைக்கு இருந்ததைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த 80 டாலரை மறுபடி பார்க்க 20 வருடத்துக்கும் மேல் பிடித்தது. கதை சரி, கம்பெனி சரி, கொடுத்த விலைதான் தப்பு.

நம் ஊர்க் கதையும் அதேதான். 2000 தொடக்கத்தில் இன்ஃபோசிஸ் தன் ஒரு வருட லாபத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான விலையில் கைமாறியது. விப்ரோவும் அப்படித்தான். அன்றைக்குக் கேட்டால் இரண்டுமே நாட்டின் சிறந்த கம்பெனிகள் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது தப்பும் இல்லை. ரொம்பப் பழையதாகத் தெரிந்தால் 2022-ஐப் பாருங்கள். கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க, ஐடி ஷேர்கள் பறந்தன. 2022 ஒரே வருடத்தில், நம் பெரிய ஐடி ஷேர்களின் போக்கைக் காட்டுகிற நிஃப்டி ஐடி குறியீடு கால் பங்குக்கு மேல் இறங்கியது. அந்த வருடமும் அந்தக் கம்பெனிகளுக்கு லாபம் வந்துகொண்டுதான் இருந்தது.

அதனால் யாராவது "சூப்பர் கம்பெனி" என்றால், மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒத்துக்கொண்டு, "சரி, லாபத்தைப்போல் எத்தனை மடங்கு கொடுக்கிறோம்?" என்று மட்டும் கேளுங்கள். பி.இ. என்று செல்போனிலேயே தெரியும். 60 மடங்கு என்றால், லாபம் கொஞ்சமும் ஏறாவிட்டால் போட்ட பணத்தை லாபமாகச் சம்பாதித்துக் காட்ட அந்தக் கம்பெனிக்கு 60 வருடம் வேண்டும். அப்படியானால் லாபம் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும், யார் காசு கொடுத்து வாங்கி அதை ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சைக் கொண்டுபோகலாம். இந்தப் பேச்சு ஒரு மணி நேரம் நடந்தாலும் தகும்.

"நாப்பது ரூபாதானே" என்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஷேர் விலை குறைவு என்பதால் கம்பெனி மலிவு ஆகிவிடாது. 40 ரூபாய் விலை, மொத்தம் 100 கோடி ஷேர் என்றால் கம்பெனியை 4000 கோடிக்கு விலை பேசுகிறீர்கள். அதன் வருட லாபம் 20 கோடி என்றால் 200 மடங்கு. பக்கத்தில் 3000 ரூபாய்க்கு நிற்கிற பெரிய கம்பெனி 25 மடங்கில் கிடைக்கலாம். எது மலிவு?

ஏஐ என்று பெயர் வைத்த சின்னக் கம்பெனி

இப்போது அதிகம் அடிபடுவது இதுதான். ஏஐக்கு வேண்டிய சிப் செய்கிற அமெரிக்காவின் என்விடியா போன்ற கம்பெனி நம் மார்க்கெட்டில் இல்லாததால், ஏஐ, டேட்டா சென்டர், செமிகண்டக்டர் என்று எந்த வார்த்தையை எந்தச் சின்னக் கம்பெனி சொன்னாலும் ஷேர் மேல் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச விலையில், போய் நிற்கிறது. தினமும் 5 சதவீதம் ஏறி, விற்பவரே இல்லாமல் நிற்பதைப் பார்த்து ஆசை வரும். அதே கம்பெனி கீழ் சர்க்யூட்டில் நின்றால் வாங்குபவர் இருக்கமாட்டார் என்பது அப்போது தோன்றாது. தினமும் 5 சதவீதமாக இறங்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

ஆர்டர் கிடைத்திருக்கிறது என்று செய்தி வந்தால், யாரோ அனுப்பிய படத்தைப் பார்க்காமல், பிஎஸ்இ அல்லது என்எஸ்இ பங்குச் சந்தையின் தளத்தில் அந்தக் கம்பெனியே போட்ட அறிவிப்பைத் திறந்து படியுங்கள். இரண்டு பக்கம்தான் இருக்கும். எத்தனை கோடி, எத்தனை வருடத்துக்கு, கொடுத்தது யார் என்று மூன்றையும் தேடுங்கள். 100 கோடி ஆர்டர் என்று தலைப்பு இருக்கும், உள்ளே ஐந்து வருடம் என்று இருக்கும். வருடத்துக்கு 20 கோடி. அதில் பத்துக்கு ஒன்று லாபம் என்று தாராளமாகவே வைத்தாலும் 2 கோடி. அந்தச் செய்தியில் கம்பெனியின் மொத்த மதிப்பு ஒரே வாரத்தில் 300 கோடி ஏறியிருந்தால், அந்த 2 கோடிக்காக மார்க்கெட் 300 கோடி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். கொடுத்தது யார் என்ற இடத்தில் பெயர் இல்லாமல் "பிரபல வெளிநாட்டு நிறுவனம்" என்று மட்டும் இருந்தால், எனக்கு அதற்குமேல் படிக்கப் பொறுமை இருக்காது.

அப்புறம் பணம் உண்மையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். விற்றேன், லாபம் வந்தது என்று கணக்கில் எழுதிவிடலாம், கைக்குப் பணம் வராமலே. கடைசி ஐந்து வருட லாபத்தைக் கூட்டுங்கள், அதே ஐந்து வருடத்தில் தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தைக் கூட்டுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லாபம் 100 கோடி, ரொக்கம் 15 கோடி என்றால் மீதி எங்கே என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் வரவேண்டிய பாக்கி என்ற தலைப்பில் ஏறிக்கொண்டே இருக்கும். முதலாளிகள் தங்கள் ஷேரை அடகு வைத்திருக்கிறார்களா, விலை ஏறும்போது சத்தமில்லாமல் விற்கிறார்களா என்பதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற பங்குதாரர் பட்டியலில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் பார்த்தும் தப்பு நடக்கலாம். ஹைதராபாத்தின் சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி, சென்செக்ஸ், நிஃப்டி என்ற இரண்டு முக்கியக் குறியீடுகளிலும் இருந்தது, நியூயார்க்கிலும் பட்டியலிடப்பட்டிருந்தது, 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கு விருதுகூட வாங்கியது. 2009 ஜனவரி 7-ல் அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று இருந்தது. ஷேர் அன்றைக்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே ஒரு சாடை தெரிந்தது. சாஃப்ட்வேர் கம்பெனியின் பணத்தை எடுத்து, தலைவரின் குடும்பத்துக்குச் சொந்தமான மேட்டாஸ் என்ற கட்டுமானக் கம்பெனிகளை வாங்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். ஒரு தொழிலின் பணம் முதலாளி வீட்டு இன்னொரு தொழிலுக்குப் போகிறது என்றால், டீயை வைத்துவிட்டு அதைப் பேசுங்கள்.

எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் ஒரே கம்பெனியில் மொத்தத்தையும் போடக்கூடாது என்பதற்கு சத்யத்தைவிட வேறு காரணம் தேவையில்லை.

உள்ளே வேலை பார்க்கிற பையன்

கேரளாவின் ஐடி பூங்காக்களான டெக்னோபார்க்கிலோ இன்ஃபோபார்க்கிலோ, இல்லை பெங்களூரிலோ வேலை பார்க்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள், ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வந்தால் பிடித்து வைத்துக் கேட்பார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியது தொழிலைப் பற்றி. வாடிக்கையாளர்கள் செலவைக் குறைக்கிறார்களா, வேலையில்லாமல் பெஞ்சில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பொதுப் பேச்சு, ஏஐ வந்ததில் எந்த வேலை குறைந்தது, இதெல்லாம் தங்கம் மாதிரியான தகவல். வெளியே வராத ரிசல்டையோ, வரப்போகிற பெரிய ஒப்பந்தத்தையோ கேட்காதீர்கள். "உள்ளே இருக்கிற ஆள் சொன்னான்" என்ற தகவல் பொய்யாக இருந்தால் உங்களுக்கு நஷ்டம், மெய்யாக இருந்தால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதிப்படி அதை வைத்து வியாபாரம் செய்வது குற்றம், சொன்ன பையனுக்கும் சேர்த்து.

வதந்தியும் அப்படித்தான் ஓடுகிறது. 2025 செப்டம்பர் 19-ல், நம் ஐடி ஆட்கள் அமெரிக்காவில் வேலை பார்க்கப் போகிற ஹெச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை. ஐடி கம்பெனிகளின் கதை முடிந்தது என்ற பேச்சு கிளம்பியது. மறுநாளே, இது புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இல்லை என்று வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது. திங்கட்கிழமை நிஃப்டி ஐடி சுமார் 3 சதவீதம் இறங்கியது. முதல் செய்திக்கே விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், உத்தரவை முழுக்கப் படித்த ஒருவர் வரட்டும்.

ரிசல்ட் வந்தால் எதைப் பார்ப்பது

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் வாரத்தில் டிசிஎஸ் வழக்கமாக முதலில் வரும், பின்னாலேயே மற்றவை வரும். லாபம் எவ்வளவு ஏறியது என்று டிவியில் ஓடுகிற ஒரு வரியை நம்ப வேண்டாம். நம் ஐடி கம்பெனிகளுக்கு வருகிற பணம் பெரும்பாலும் டாலர். டாலரில் வியாபாரம் ஏறாமலே ரூபாய் இறங்கினால், ரூபாய்க் கணக்கில் வருவாய் ஏறியது போலத் தெரியும். அதனால் "நிலையான நாணய மதிப்பில்" வளர்ச்சி என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள், அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ரூபாயில் 10 சதவீதம் ஏறி, ரூபாயின் மதிப்பு 4 சதவீதம் இறங்கியிருந்தால், உண்மையில் வியாபாரம் ஏறியது 6 சதவீதத்தை ஒட்டித்தான். இன்ஃபோசிஸ் வருடம் முழுவதுக்கும் எவ்வளவு வளரும் என்று இந்தக் கணக்கில் ஒரு அளவு சொல்லும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தும். அந்தத் திருத்தம் மேலேயா கீழேயா என்பதுதான் மறுநாள் விலையைப் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

அளவும் மனதில் இருக்கட்டும். 2024-25-ல் டிசிஎஸ் வருவாய் சுமார் 2.55 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய கம்பெனி வருடத்துக்கு 40 சதவீதம் வளரும் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு தேதி போடுங்கள்.

அமெரிக்க ஷேர், எஃப் அண்ட் ஓ, அப்புறம் பணம்

என்விடியாவே வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி திட்டத்தின்படி ஒருவர் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டி அனுப்பினால் தாண்டிய பணத்துக்கு 20 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள் (இது கம்பெனி இல்லை, வரி, பின்னால் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்). ஒரே ஒரு ஷேர் வைத்திருந்தாலும் வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும், மறந்தால் நோட்டீஸ் வரும். அந்த ஷேர் எப்படி ஆடும் என்பதற்கு 2025 ஜனவரி 27 போதும். டீப்சீக் என்ற சீன ஏஐ பற்றிய செய்தியில் ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் விழுந்தது.

நம் மார்க்கெட்டிலேயே கிடைக்கிற நாஸ்டாக் இடிஎஃப், அதாவது நாஸ்டாக் கம்பெனிகளில் பணத்தைப் போட்டு ஷேர் மாதிரியே கைமாறுகிற ஃபண்டு, வாங்குவது சுலபம். ஆனால் ஒரு இடம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் போட ஃபண்டு கம்பெனிகளுக்கு உச்சவரம்பு இருப்பதால் புது யூனிட் வருவது தடைப்படுகிறது, ஆசைப்படுகிறவர்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள், அதனால் இடிஎஃப் விலை அதன் உள்மதிப்பைவிட மேலே போய்விடுகிறது, சில சமயம் 10 சதவீதத்துக்கும் மேல். வாங்கும் முன்னால் ஐஎன்ஏவி என்று போட்டிருக்கிற உள்மதிப்பைப் பாருங்கள். 100 ரூபாய்ச் சரக்கை 112 கொடுத்து வாங்கினால், அமெரிக்க மார்க்கெட் 12 சதவீதம் ஏறினாலும் உங்களுக்கு ஒன்றுமில்லாமல் போகலாம்.

ஷேரின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடுகிற எஃப் அண்ட் ஓ பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லிவிட்டது. சேட்டன் ஒருவர் தினமும் லாபம் எடுக்கிறார் என்றால், வருடக் கடைசி வரி அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

டிப்ஸ் கொடுத்துக் காசு கேட்பவரிடம் செபி பதிவெண் கேட்க வேண்டும். ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ, ஆய்வாளர் என்றால் ஐஎன்ஹெச் என்று தொடங்கும். அதை செபி தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். தெரியாத ஆப்பில் பணம் போடச் சொல்லி, லாபம் திரையில் மட்டும் தெரிந்து, எடுக்கப் போனால் இன்னும் கட்டு என்றால் அது மோசடிதான், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஏலக்காய் எடுப்பு முடிந்து பணம் கையில் நிற்கிற நேரமும் ஷேர் ஏறுகிற நேரமும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து. அந்தப் பணத்தில் அடுத்த வருட உரமும் கூலியும் இருக்கிறது. 2024 கோடையில் இடுக்கியில் எத்தனை செடி காய்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அப்படி ஒரு கோடையும் ஷேர் விழுகிற சமயமும் ஒன்றாக வந்தால் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டிவரும். தோட்டத்துக்கு வேண்டியதை முதலில் தனியாக எடுத்து வங்கியில் வைத்துவிட்டு, மீதியில் பேசுங்கள்.

விற்பதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதனால் ஒரு கணக்கு. ஒரு லட்சம் போட்டது நான்கு மாதத்தில் 1.6 லட்சம் ஆகிவிட்டது, விலை ரொம்ப அதிகம் என்று உங்களுக்கே தோன்றுகிறது, ஆனால் ஒரு வருடம் ஆனால் வரி குறையும் என்று வைத்திருக்கிறீர்கள். இப்போது விற்றால் 60,000 லாபத்துக்கு 20 சதவீதம், 12,000 ரூபாய் வரி. ஒரு வருடம் கழித்து விற்றால் அந்த வருடத்தில் வேறு லாபம் இல்லாதவரை வரியே இல்லை, 1.25 லட்சம் வரை விலக்கு, அதற்குமேல்தான் 12.5 சதவீதம். ஆக, மிச்சமாகிற தொகை அதிகபட்சம் 12,000. 1.6 லட்சத்தில் அது ஏழரை சதவீதம். வருடம் முடிய பத்து நாள்தான் இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். எட்டு மாதம் இருக்கிறது என்றால், சூடான ஐடி ஷேர் ஏழரை சதவீதம் இறங்குவதற்கு எட்டு மாதம் தேவையில்லை, ஒரு காலை போதும், அதனால் பாதியையாவது விற்றுவிட்டு வரியைக் கட்டிவிடுவதுதான் என் கணக்கு.